பிரபுவுக்கு வக்கீல் என் மகள்

என் மேலாளர் என்னிடம் நான்கு பெயர்கள் கேட்ட அதே வாரத்தில்தான் என் மகளுக்கு அந்தப் பிரபு வந்து சேர்ந்தார்.

பெயர்கள் கேட்டது ஒரு திங்கட்கிழமை காலை. கலிபோர்னியாவின் சன்னிவேலில் எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடி, கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. என் குழுவில் பதினொரு பேர். அதில் நான்கு பேரைக் குறைக்க வேண்டும், யார் யார் என்று அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கடுத்த திங்களன்று கம்பெனியே அவர்களிடம் சொல்லும், அதுவரை மூச்சு விடக் கூடாது என்றார். நான் முடியாது என்றேன். உண்மையிலேயே சொன்னேன். அந்த வருஷம் என் ஆட்கள் செய்து முடித்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நீ தராவிட்டால் நானே எடுப்பேன். எனக்கு அவர்களைத் தெரியாது. உனக்குத் தெரியும்" என்றார். மறுநாள் நீளமாக ஒரு மின்னஞ்சலும் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது.

பிரபு வந்தது புதன்கிழமை, என் மகளின் பள்ளிப் பையில். அவளுக்குப் பதினாறு வயது, ஃப்ரீமான்டில் பதினோராம் வகுப்பு. சரித்திர டீச்சர் வகுப்பில் ஒரு வழக்கு நடத்தப் போகிறார். குற்றவாளிக் கூண்டில் விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயப் பிரபு ஒருவர். முப்பது பக்கக் கட்டில் அவருடைய வாழ்க்கை. இவர் ஒரே ஆள் அல்ல, அந்தக் காலத்துப் பிரபுக்கள் பலருடைய வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சேர்த்தவர் என்று முதல் பக்கத்திலேயே டீச்சர் எழுதியிருந்தார். பெயர் வைக்கவில்லை. கட்டு முழுக்க 'பிரபு' என்றுதான். சீட்டுக் குலுக்கியதில் என் மகளுக்கு விழுந்தது பிரதிவாதித் தரப்பு, அதாவது பிரபுவின் வக்கீல்.

மறுநாள் காலை காப்பி குடித்துக்கொண்டே அந்தக் கட்டைப் படித்தேன். நூறு அறைகள் உள்ள வீட்டில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர். மூன்றாவது பிள்ளைக்குப் பட்டமும் கிடையாது, நிலமும் கிடையாது. போதாததற்குத் திக்குவாய். பள்ளிக்கூடத்தில் அவரைப் பேசச் சொல்லிச் சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள். மூத்த அண்ணன் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார், அடுத்தவர் காய்ச்சலில் போனார். இருபத்திரண்டு வயதில் இவர் பிரபு ஆகிவிட்டார். பட்டத்தோடு மேல்சபையில் ஓர் இடமும் வந்தது. திக்காமல் இருக்க ஒவ்வோர் உரையையும் மனப்பாடம் செய்து, வீட்டுத் தோட்டத்தில் நாய்களுக்கு முன்னால் பேசிப் பார்ப்பாராம். சுரங்கத்தில் குழந்தைகளின் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று பேசியது அவருடைய நல்ல உரை. கட்சி கவனித்தது, மந்திரி ஆக்கியது. மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல், சென்னை மாகாணத்துக்குக் கவர்னராகப் போகச் சம்மதித்தார்.

இரண்டாம் வருஷம் மழை பொய்த்தது.

அதற்கு மேல் படிக்கும்போது காப்பி ஆறிப்போனது. நான் சேலத்துக்காரன். தாது வருஷப் பஞ்சம் என்ற சொல் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. இதில் சாலையோரம் கிடந்தவர்களைப் பற்றி ஒரு டாக்டரின் குறிப்பு இருந்தது. துறைமுகத்தில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. பிரபு கஞ்சி முகாம்கள் திறந்தார். செலவு அதிகம், ஆளுக்குக் கொடுக்கும் அளவைக் குறை, முகாம்களை மூடு என்று மேலிடம் சொன்னது. பிரபு முடியாது என்று மூன்று கடிதம் எழுதினார். பதில் மாறவில்லை. நான்காவது முறை உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பிறகு பதவிக்காலம் முடிந்து கப்பலேறினார், மறுபடியும் மந்திரியானார், எழுபது வயதுக்கு மேல் தன் வீட்டில், தன் கட்டிலில் இறந்தார்.

என் மகள் பாலில் போட்ட சீரியல் கிண்ணத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இவனை எப்படிம்மா டிஃபெண்ட் பண்ணுவே?" என்றேன்.

"சீட்டுல விழுந்ததுப்பா." இந்த ஒரு வாக்கியம்தான் தமிழ். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் அப்படித்தான் பேசுவாள், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். "பிடிச்சவங்களை மட்டும் டிஃபெண்ட் பண்றதுக்குப் பேர் வக்கீல் இல்லை."

"செத்ததெல்லாம் யாருன்னு தெரியுமா? நம்ம ஊர் ஜனங்க."

"தெரியும். அதனாலதான் நான் பண்ணா நல்லது. எனக்கு அக்கறை இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. அவளுடைய பதில் சரியாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. என் மனைவி லஞ்ச் டப்பாவை மூடிக்கொண்டே, "என்னங்க, நீங்க அவகிட்ட இப்பவே கேஸ் நடத்தாதீங்க. ஜூரியில உங்க பேரும் இருக்கு" என்றாள்.

இருந்தது. எப்போதோ பள்ளியிலிருந்து வந்த மின்னஞ்சலில் 'பெற்றோர் உதவி' என்ற கட்டத்தைப் படிக்காமலே தட்டியிருக்கிறேன். ஜூரி ஆறு பேர். இரண்டு தரப்புப் பெற்றோரிலிருந்தும் மூன்று மூன்று பேர் என்று டீச்சர் முடிவு செய்திருந்தார்.

பட்டியல் விஷயத்தை மனைவியிடம் அந்தச் சனிக்கிழமைதான் சொன்னேன், சமையலறையில், மிக்சி ஓடி நின்ற பிறகு. ராஜினாமா செய்துவிடட்டுமா என்று கேட்டேன். அவள் மிக்சி ஜாரைக் கழற்றிச் சிங்க்கில் வைத்தாள்.

"ரிசைன் பண்ணிட்டு? நம்ம கிரீன் கார்டு இன்னும் கியூவிலதான் நிக்குது. விசா ரூல்படி அறுபது நாள்ல வேற வேலை கிடைக்கலைன்னா நாம மூட்டை கட்டணும். இவ இங்க பொறந்தவ, இவளை என்ன பண்றது?" பிறகு கொஞ்சம் தணிந்து, "நீங்க கேட்டுப் பாத்தீங்க இல்ல? ரெண்டு தடவை கேட்டீங்க. அவ்வளவுதான் உங்களால முடியும்" என்றாள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மகள் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு மேலே போனாள்.

அவளுக்கு அப்போது லேர்னர்ஸ் பெர்மிட்தான். நான் பக்கத்தில் உட்கார, அவள் ஓட்டிப் பழகுவாள். மறுநாள் ஞாயிறு மதியம் முதல் முறையாக ஃப்ரீவேயில் ஏற்றினேன். வலப்பக்கம் ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

"அப்பா, தப்பான ஒண்ணைச் செய்யச் சொல்றாங்க. நீங்க மாட்டேன்னு சொல்றீங்க. அப்பவும் செய்யச் சொல்றாங்க. வேலையை விட்டுப் போறது சரியா, இருந்து கொஞ்சம் குறைச்சுச் செய்யறது சரியா?"

"ரோட்டைப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். பிரபுவுக்காகக் கேக்கறேன்."

"பிளிங்கர் போடு. எக்ஸிட் வருது."

பிளிங்கர் போட்டாள். தோள் வழியே திரும்பிப் பார்த்து, ஒழுங்காக வலப்பக்கம் மாறினாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான்கு பெயர்களை அனுப்பினேன். எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று இன்றைக்கும் என்னால் விளக்க முடியும், அதுதான் கஷ்டம். நிறுத்தப்போகும் திட்டத்தில் வேலை செய்தவர்கள் மூன்று பேர். நான்காவது ஆள் வேலையில் சுமார். மூன்று பேரில் ஒருவன் திருநெல்வேலிக்காரன். மூன்று வருஷமாக என் குழுவில் இருந்தான். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். எங்களைப் போலவே எச்1பி வேலை விசா. மனைவியும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள்.

அன்று மதியம் கேன்டீனில் அவன் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அபார்ட்மென்ட் லீஸ் முடியுது. இன்னும் ஒரு வருஷத்துக்கு ரெனியூ பண்ணச் சொல்றாங்க. நாளைக்குள்ள சொல்லணுமாம். டேகேர் பக்கத்துலேயே இருக்கு, பாப்பாவுக்கும் பழகிடுச்சு. பண்ணலாமா? ஆபீஸ்ல ஏதேதோ பேசிக்கிறாங்களே, அதான் கேட்டேன்."

தட்டில் இருந்த ராஜ்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை வரை பொறு என்று சொல்லியிருக்கலாம். அவன் புத்திசாலி, அந்த ஒரு சொல் போதும் அவனுக்கு. அதனால்தான் பயந்தேன். அவனுக்குத் தெரிந்தால் மாலைக்குள் பத்துப் பேருக்குத் தெரியும். சொன்னது யார் என்பதும் தெரியும்.

"பண்ணலாமே" என்றேன்.

"தேங்க்ஸ்ணா" என்று சொல்லிவிட்டு அவன் குழந்தையின் வீடியோ ஒன்றைக் காட்டினான். பார்த்தேன், சிரித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வழக்கு. டீச்சர் பட்டமளிப்பு அங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டு நீதிபதியாக உட்கார்ந்திருந்தார். பிரபுவாக நடித்த மாணவன் நாடகக் குழுவின் நீளக் கோட்டை மாட்டிக்கொண்டு வேர்த்துப்போய் இருந்தான். நாங்கள் ஆறு பேரும் சன்னல் ஓரமாகப் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். என் மகள் தலையை இறுக்கப் பின்னி, அம்மாவின் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள். ஒரு தடவைகூட எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

அவள் நன்றாக வாதாடினாள். அப்பன் சொல்கிறேன் என்று தள்ள வேண்டாம், எதிர்த்தரப்புப் பிள்ளைகளே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மூன்று கடிதங்களையும் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இவர் கேட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இவர் எழுந்து போயிருந்தால் அந்த நாற்காலி காலியாக இருந்திருக்காது. கேட்கவே கேட்காத ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார். மருத்துவ முகாம்களை மட்டும் இவர் மூடவில்லை, உத்தரவில் அது இருந்தும் மூடவில்லை. அங்கே பிழைத்தவர்கள் இவர் உட்கார்ந்திருந்ததால் பிழைத்தார்கள். ராஜினாமா செய்திருப்பேன் என்று இந்த அறையிலிருந்து சொல்வது ரொம்பச் சுலபம். வீட்டில் ஆட்கள் இருக்கிறவர்கள், மேலே ஒருவர் இருக்கிறவர்கள், அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள்."

அந்தக் கடைசி வரி நான் படித்த கதைக்குப் பொருந்தவில்லை. பிரபுவுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அவர் வீட்டில் நாய்கள்தான். அவள் யாருக்காக வாதாடுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலோடு படியில் நின்றவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது.

அடுத்து எதிர்த்தரப்பில் குட்டையாக ஒரு பெண் எழுந்தாள். சத்தமே இல்லாத குரல். இருபத்தாறாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். வாழ்க்கைக் கதை முடிந்த பிறகு, பின்னிணைப்பாக வைத்திருந்த பிரபுவின் டைரி. எனக்கு அது புதிது. அன்று காலை காப்பியோடு கட்டை மூடியவன், பிறகு அந்தப் பக்கங்களுக்குப் போகவே இல்லை.

கையெழுத்துப் போட்ட அன்று மாலை, ஒரு கிராமத்திலிருந்து பத்துப் பேர் நடந்து வந்து பிரபுவைப் பார்த்திருக்கிறார்கள். முகாம் அடுத்த மாதமும் இருக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே வடக்கே நடந்துவிடுகிறோம், அங்கே மழை பெய்திருக்கிறதாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கலவரம் வந்துவிடக் கூடாது என்று பிரபு, இருக்கும் என்று பதில் சொல்லி அனுப்பினார். அவர்கள் திரும்பிப் போய்க் காத்திருந்தார்கள். மூன்று வாரத்தில் முகாம் மூடப்பட்டது. அதற்குள் நடக்கிற தெம்பு யாருக்கும் இல்லை.

"இதை யாரும் இவரைச் செய்யச் சொல்லவில்லை" என்றாள் அந்தப் பெண். "இது இவரே செய்தது." உட்கார்ந்துவிட்டாள்.

பஞ்சத்தில் செத்தவர்களையும் ஓர் அபார்ட்மென்ட் லீஸையும் ஒரே தட்டில் வைக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. ஆனால் முந்தைய நாள் கேன்டீனில் 'பண்ணலாமே' என்று நான் சொன்னது காதில் கேட்டது.

பக்கத்து அறையில் ஜூரிக்குப் பதினைந்து நிமிடம். எங்களில் சீனாவிலிருந்து வந்த ஒரு நர்ஸ் அம்மாள் இருந்தார். "மூன்று முறை கேட்டிருக்கிறாரே, வேறு என்ன செய்ய முடியும்?" என்றார் அவர். மற்ற மூவரும் அதே பக்கம் சாய்ந்தார்கள். எதிர்த்தரப்புப் பெண்ணின் அப்பா மட்டும் குற்றவாளி என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"குற்றவாளி" என்றேன்.

"வக்கீல் உங்கள் பெண்தானே?" என்று நர்ஸ் கேட்டார்.

"ஆமாம்."

"ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?"

"கையெழுத்துக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்துப் பேரிடம் முகாம் இருக்கும் என்று ஏன் சொன்னார்? வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட அவர்கள் நடந்திருப்பார்கள்." என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. யாரும் மனம் மாறவில்லை. நான்குக்கு இரண்டு.

ஒருமித்த முடிவு இல்லாததால், ஜூரி ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் தீர்ப்பைச் சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் முறை ஐந்தாவதாக வந்தது. எழுந்தேன். அப்போதுதான் அன்று முதல் தடவையாக என் மகள் என்னைப் பார்த்தாள். நம்பிக்கையோடு பார்த்தாள்.

"குற்றவாளி" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. கண்ணைத் தாழ்த்தி, மூன்று கடிதங்களையும் ஓரம் பார்த்து ஒழுங்காக அடுக்கினாள்.

கார் நிறுத்துமிடத்தில் அவள் தோழிகளோடு வருவதற்குள் திருநெல்வேலிக்காரனுக்குப் போன் போட்டேன். "லீஸ்ல சைன் பண்ணாதே" என்றேன். "திங்கட்கிழமை லிஸ்ட் வருது. உன் பேர் இருக்கு. எழுதிக் கொடுத்தது நான்தான். நேத்து நீ கேட்டப்பவும் எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் குழந்தையின் சத்தம் கேட்டது. பிறகு அவன் ஒரு கதவைச் சாத்தினான்.

"காலைலேயே பண்ணிட்டேன்" என்றான். "நீங்க சொன்னீங்களேன்னுதான் பண்ணேன்."

மன்னித்துக்கொள் என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

திரும்பினால் என் மகள் ஓட்டுநர் பக்கக் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். சாவிக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். வண்டியைக் கிளப்பாமல், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்காகத்தான் அப்படிப் பேசினேன்."

"தெரியும்மா."

"நீங்க நாட் கில்ட்டின்னு சொல்லணும்னு நினைச்சேன். எனக்காக இல்லை. நீங்க உங்களைப் பத்தி அப்படி நினைக்கணும்னு." அவளுக்குக் குரல் உடைந்தது, உடனே கோபமாக மாறியது. "அது என்னோட டிரையல்ப்பா. ஒன்பது நாள் வேலை பண்ணினேன். நீங்க உங்க ஆபீஸ் கில்ட்டை எல்லாம் கொண்டுவந்து அதுல கொட்டிட்டீங்க."

அவள் சொன்னது நியாயம்தான். அப்படியே அவளிடம் சொன்னேன். அது அவளைச் சமாதானப்படுத்தவில்லை. வீடு வரை ஒரு தவறும் செய்யாமல் ஓட்டினாள். பத்து நாள் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

திங்கட்கிழமை நான்கு பேர் போனார்கள். நான் முன்கூட்டியே சொன்னதைத் திருநெல்வேலிக்காரன் யாரிடமும் சொல்லவில்லை. என் வேலை தப்பியது. லீஸை வேறு ஒரு குடும்பத்துக்கு மாற்றிக் கொடுக்க அவனுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆள் தேடி நானும் அலைந்தேன், கடைசியில் அவனே கண்டுபிடித்தான். அறுபது நாள் முடிய ஒரு வாரம் இருக்கும்போது டெக்சாஸில் வேலை கிடைத்தது. சிபாரிசு செய்யச் சொல்லி எழுதிய மின்னஞ்சலில் என்னை 'சார்' என்று கூப்பிட்டிருந்தான். செய்தேன்.

வழக்கு முடிந்ததும் மாணவர்கள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். என் மகள் எழுதியதை மேசை மேல் விட்டிருந்தாள், நான் படிக்கட்டும் என்றுதான் விட்டிருக்க வேண்டும். இருபத்தாறாம் பக்கத்தை எதிர்த்தரப்பு எடுக்கும் முன்பு நானே எடுத்து ஜூரியின் முன் வைத்திருக்க வேண்டும், அது இருந்ததை மறைத்து வாதாடியது என் தவறு என்று எழுதியிருந்தாள். ஆனாலும் நாற்காலியைப் பற்றிச் சொன்னதிலிருந்து அவள் பின்வாங்கவில்லை. அதைக் கீழே கோடிட்டிருந்தாள்.

அந்தக் கோடைக்காலத்தில் மேலாளர் பதவி வேண்டாம், பழையபடி புரோகிராம் எழுதுகிறேன் என்று அலுவலகத்தில் கேட்டேன். கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு ஒன்றும் ஆகாது என்று வக்கீலிடம் உறுதி செய்துகொண்ட பிறகுதான் கேட்டேன். அந்த ஜாக்கிரதை என்னிடம் எப்போதும் உண்டு. என் இடத்துக்கு வேறு குழுவிலிருந்து இளைஞன் ஒருவன் வந்தான். அடுத்த முறை மேலிடம் பெயர்கள் கேட்டபோது அவன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மதியத்துக்குள் ஐந்து பெயர்கள் கொடுத்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மகளிடம் சொன்னேன். அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலி காலியாக இருக்காது என்று நான் அன்றே சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம். "அஞ்சு பேரா?" என்று மட்டும் கேட்டாள்.

வேலை போன அந்த ஐந்து பேரையும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். இரண்டு பேர் வந்தார்கள்.